மேலே பிடித்த நாடா

ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்த தாளில் மூன்று வரிகள் இருந்தன. பெண், வயது ஐம்பத்தொன்பது, திரைச்சீலை தைப்பவர். இடது உள்கணுக்காலுக்கு மேலே புண், நான்கு வருடமாக ஆறவில்லை. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. முதல் இரண்டு வரிகளையும் விட மூன்றாவதுதான் எனக்குக் கவலை தந்தது. என் அறுபத்தாறு வயதில் பை நிறையக் கட்டுத்துணியோடு அறுபது படி ஏறுவது லேசான காரியம் இல்லை.

கதவைத் திறந்தவள் நோயாளியின் தம்பி மனைவி. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள், விரல்களில் மை.

"வாங்க சிஸ்டர். உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்து பாத்தாச்சு. ஒருத்தர் களிம்பு குடுத்தாரு, ஒருத்தர் பொடி குடுத்தாரு, இன்னொருத்தர் ஒண்ணும் போடாதீங்க, காத்தாட விடுங்கன்னாரு. எங்க அண்ணி காலு எல்லாத்தையும் தின்னுட்டு ஏப்பம் விட்டிருச்சு."

உள்ளறையில் ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னல் கண்ணாடியில் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்ததைத் தம்பி மனைவி பார்த்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் திரை, நம்ம வீட்டு ஜன்னலுக்குப் பேப்பர்! கேட்டா, அளவு எடுக்கணும்னு அஞ்சு வருஷமா சொல்லிட்டிருக்காங்க."

நாற்காலியில் இருந்தவர்தான் அந்த அண்ணி. அந்தக் கட்டடத்தில் அவரைத் திரைக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இடது காலில் திரைக்கு உள்ளே கொடுக்கும் லைனிங் துணியைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தார். அதையும் தாண்டி நீர் கசிந்து, செருப்பு ஈரமாக இருந்தது. நாற்றமும் இருந்தது. அழுகின பூச்சாடித் தண்ணீர் மாதிரி. முப்பத்தெட்டு வருடம் இதே வேலை பார்த்தவளுக்கு நாற்றம் ஒரு தகவல்தான்.

துணியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுத்தேன். கால் கவிழ்த்து வைத்த பாட்டில் போல இருந்தது. மேலே வீக்கம், கணுக்கால் பக்கம் சிறுத்து, கறுத்து, மரப்பட்டையாகக் காய்ந்த தோல். நடுவில் புண். அதன் மேல் கட்டம் போட்ட கண்ணாடித்தாளை வைத்து ஓரம் பார்த்துப் பேனாவால் கோடு போட்டு, கட்டம் எண்ணினேன். இருபத்துநான்கு சதுர சென்டிமீட்டர்.

"வலிக்குதா?"

"வலிக்குது." மழை பெய்யுது என்று சொல்வது போலச் சொன்னார்.

"பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"நீங்க எத்தனைன்னு எழுதணுமோ எழுதிக்கங்க சிஸ்டர்."

என்னை அனுப்பிய சர்ஜன் கொடுத்திருந்த கெடு பன்னிரண்டு வாரம். அதற்குள் புண் பாதிக்குக் கீழே சுருங்கினால் கட்டுப் போட்டே ஆற்றிவிடலாம். சுருங்கவில்லை என்றால் வார்டில் சேர்த்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார். பாதி என்றால் பன்னிரண்டு. இதை விளக்கிச் சொன்னபோதுதான் திரைக்காரம்மா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"கட்டு எவ்வளவு இறுக்கமா வேணா போடுங்க. எது சொன்னாலும் செய்யறேன். வார்டுக்கு மட்டும் போக மாட்டேன்."

"ஏன்?"

"போக மாட்டேன்."

கட்டுப் போடும் முன் கணுக்காலில் கருவி வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்டேன். பாதத்துக்கு ரத்தம் சரியாக இறங்காத காலை இறுக்கிக் கட்டினால் காலே போய்விடும். இவருக்கு ரத்தம் நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியது திரும்ப ஏறவில்லை, அவ்வளவுதான். கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். கால் மிதி மெஷினில் தைத்த காலத்தில் அந்தச் சதை நாள் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. பிறகு மெஷினுக்கு மோட்டார் வைத்தார்கள். ஐந்து வருடமாகக் காலைத் தொங்கப்போட்டு, பெருவிரலால் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறார். கால் குடமாகி, குடம் கசிய ஆரம்பித்துவிட்டது.

முதலில் பஞ்சுப் பட்டை, அதன் மேல் மெல்லிய துணிக்கட்டு, அதன் மேல் இழுபடும் கட்டு, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கட்டு. கால்விரல் அடியில் தொடங்கி, குதிகாலை விடாமல் மூடி, முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே முடிக்க வேண்டும். கணுக்காலில் அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. நான் சுற்றுவதைத் திரைக்காரம்மா தொழில்காரியின் கண்ணோடு பார்த்தார்.

"இது தலைகீழா இருக்கே. எங்க வேலையில மேலதான் பிடிக்கணும். மேல பிடிச்சா கீழ தானா நிக்கும்."

"கால் தொங்குற சாமான் இல்லம்மா."

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தொங்கத்தானே தொங்குது?"

சிரிக்கவில்லை. நகைச்சுவையா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் போனேன். வேலை பார்க்கும் திரைக்கடைக்குப் போகக் கூடாது, வீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலை இடுப்புக்கு மேலே தூக்கி வைத்துப் படுக்க வேண்டும், மற்ற நேரம் நடக்க வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று சொன்னேன். சொன்னதைச் சொன்னபடி செய்தார். அவ்வளவு கேள்வி இல்லாமல் சொன்னதைக் கேட்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதை அப்போது நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சு கொடுத்தால் பதில் வரும், கேட்ட அளவுக்கு. பதினாறு வயதில் தலையணை உறை தைக்க ஆரம்பித்தவர். பிறகு ஓட்டல்கள், பள்ளிக்கூட மேடைகள், ஒரு தியேட்டரின் நாற்பதடித் திரை. அதைத் தெருவில் விரித்துப் போட்டுத்தான் மடித்தார்களாம். கணவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குபவர். குழந்தை இல்லை. முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் இருவருக்கும் நடந்த ஒரே பெரிய தகராறு, ஒரு நீலம் நீலமா பச்சையா என்பது.

"யாரு ஜெயிச்சாங்க?"

"கடைக்காரரு அது சாம்பல் கலருன்னு சொல்லிட்டாரு."

நான்காவது வாரம், புண் பத்தொன்பதுக்கு வந்திருந்த அன்று, நான் கேட்காமலே வார்டு விஷயத்தைச் சொன்னார். பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

"அவரு கடைசியா இருந்த வார்டுக்குத் திரை நாங்க தச்சதுதான். பதினெட்டுக் கட்டில், பதினெட்டுத் திரை. அவரு கட்டில் திரையில ஓரத்துல மூணு கொக்கி விட்டுப்போயிருந்துச்சு. இடுக்குல எல்லாரும் எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. எங்கிட்டதான் ஊசி எப்பவும் இருக்குமே. நாற்காலி மேல ஏறித் தச்சேன். மூணாவது கொக்கி தைக்கிறப்ப அவரு போயிட்டாரு. நூலைக் கடிச்சு அறுத்துட்டுத் திரும்பிப் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கூப்பிட்டேன். வந்தாங்க." கொஞ்சம் பொறுத்து, "தையல் நல்லா விழுந்திருந்துச்சு" என்றார்.

கண்ணில் ஈரம் இல்லை, குரலில் மாற்றம் இல்லை. கணவர் போன பின் தம்பி வீட்டுக்கு வந்த மறுநாளே மெஷினில் உட்கார்ந்துவிட்டார் என்று தம்பி மனைவி பிறகு சொன்னாள். "அழுதா ஆறுதல் சொல்லலாம் சிஸ்டர். தைக்கிறவங்களுக்கு என்னத்தைச் சொல்றது?"

எட்டாவது வாரம் கசிவு நின்றது. நாற்றம் போனது. தோல் மிருதுவானது, குதிகாலின் இரண்டு பக்கமும் பள்ளம் தெரிந்தது.

"அண்ணி! உங்க கணுக்காலைக் கண்டுபிடிச்சுட்டாங்க! போலீசுல சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் கெடச்சிருக்காது!" என்று தம்பி மனைவி வாசலில் நின்று கத்தினாள். தராசு ரிப்பேர் செய்யும் தம்பி உள்ளே வந்து காலைப் பார்த்து, "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குடும்பத்தில் பேச்சு முழுவதும் ஒரே ஆள் பொறுப்பில் இருந்தது.

கட்டம் எண்ணினேன். ஒன்பது. கெடுவுக்கு நான்கு வாரம் முன்பே பாதிக்கும் கீழே.

"அப்ப வார்டு இல்லையே?" என்றார் திரைக்காரம்மா.

"இப்படியே போனா இல்ல."

கட்டுப் போட்ட காலுக்குச் செருப்பு ஏறாது. கடைக்குப் போக வேண்டும் என்றார். அதனால் அழுத்தக் காலுறைக்கு மாற்றினேன். இரண்டு அடுக்கு. உள்ளுறை மெல்லியது, வெளியுறை முழங்காலுக்குக் கீழே வரை வருவது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஏற்றினால்தான் ஏறும். போடவும் கழற்றவும் சொல்லிக் கொடுத்தேன். எதிர்பார்த்ததை விடச் சுலபமாகச் செய்தார். துணியைக் கையாளத் தெரிந்த கை. கிளம்பும்போது, "வழுக்காம பாத்துக்கங்க" என்றேன்.

அந்த இரண்டு சொல்தான். காலுறை இறங்கிக் கணுக்காலில் மடிப்பு விழுந்தால் கையால் நீவி மேலே ஏற்றிவிட வேண்டும் என்று அதற்குப் பொருள். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வேன், எல்லாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். எல்லாரும் திரை தைப்பவர்கள் இல்லை.

வாரம் ஒருமுறை போனால் போதும் என்ற கட்டம். அடுத்த செவ்வாய் எனக்குக் காய்ச்சல். புண் இருக்கும் வீட்டுக்குக் காய்ச்சலோடு போகக் கூடாது. போன் செய்தேன். "நல்லா இருக்கு சிஸ்டர், வழுக்கல" என்றார். ஆக, நான் அந்தக் காலைப் பதினான்கு நாள் பார்க்கவில்லை.

பத்தாவது வாரம் போனபோது படியிலேயே தம்பி மனைவி எதிரில் வந்தாள். "அண்ணி செருப்பு மறுபடி ஈரமா இருக்கு. கேட்டா வேர்வைங்கிறாங்க."

உள்ளே போய்ப் பாவாடையை உயர்த்திப் பார்த்தேன். காலுறையின் மேல்விளிம்பில் நான்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை. அவ்வளவு சுத்தமான தையல். கம்பெனியிலிருந்தே அப்படி வந்ததோ என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு பட்டையின் ஓரத்தில் இரண்டு மெல்லிய கயிறுகள் முடிச்சுப் போட்டுத் தொங்குவதைப் பார்த்தேன். அது தலைப்பு நாடா. திரையின் மேல்விளிம்பில் தைப்பது. உள்ளே ஓடும் கயிற்றை இழுத்தால் துணி சுருங்கிக் கொசுவம் விழும், இழுத்த இடத்தில் அப்படியே நிற்கும்.

"இது என்னம்மா?"

"வழுக்குச்சு. நீங்கதான் வழுக்கக் கூடாதுன்னீங்க. நாடா வச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒரு இஞ்ச் இறங்கல."

முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கத்தரியால் வெட்டினேன். காலுறையைக் கழற்றியதும் முழங்காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு பள்ளம், விரல் வைத்தால் பதியும் ஆழம். அதற்குக் கீழே கால் பழையபடி பாட்டில். மேலே கயிறு போட்டுக் கட்டினால் கீழே இருப்பது எப்படி ஏறும்? சாக்கு மூட்டைக்கும் காலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. புண்ணின் ஓரத்தில் புதிதாக வந்திருந்த இளந்தோல் வெள்ளையாக ஊறிக் கரைந்திருந்தது.

"வலிக்கலையா?"

"வலிச்சுது."

"சொல்ல வேண்டாமா? போன் பண்ணப்ப நல்லா இருக்குன்னீங்களே?"

"வலிக்கிறதுதானே வழக்கம்."

அவர் பொய் சொல்லவில்லை. வலி ஒரு செய்தி என்பதே அந்த அம்மாவுக்கு விட்டுப்போயிருந்தது. சுவர்க்கடிகாரச் சத்தம் போல அது பாட்டுக்கு அது, இவர் பாட்டுக்கு இவர்.

எண்ணினேன். பதினேழு.

"எவ்வளவு?" என்றார். சொன்னேன். மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி மனைவி கதவோரம் நின்றிருந்தாள். அன்று அவளுக்கு நகைச்சுவை வரவில்லை. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், சிஸ்டரைக் கேட்டுட்டுத் தைங்கன்னு. அண்ணி, காலு என்ன ஓட்டல் ஜன்னலா?"

"அவங்க மேல மட்டும் தப்பு இல்ல," என்றேன். "நான் சொன்ன விதம் சரியில்ல. போன்ல கேட்டதோட விட்டிருக்கவும் கூடாது."

"யாரு தப்பா இருந்தா என்ன சிஸ்டர், காலு அவங்களுது."

மறுபடி நான்கு அடுக்குக் கட்டு. வாரம் மூன்று முறை போனேன். கடைக்குப் போவது நின்றது. மெஷினின் பெல்ட்டைக் கழற்றித் தம்பி தன் தராசுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். வீக்கம் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. வீக்கம் சீக்கிரம் இறங்கும், தோல் சீக்கிரம் வளராது.

பன்னிரண்டாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை. சர்ஜனுக்கு அனுப்ப வேண்டிய கண்ணாடித்தாளை எடுத்துப் புண்ணின் மேல் வைத்தேன். பேனா மூடியைக் கழற்றும்போது திரைக்காரம்மா குனிந்து என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை.

"சிஸ்டர், தையலுக்கு விடுவோம்ல, அரை இஞ்ச்? துணி ஓரத்துலேர்ந்து அரை இஞ்ச் உள்ள தள்ளித்தானே கோடு போடுவோம். அந்த மாதிரி போடுங்களேன்."

சுற்றிலும் அரை இஞ்ச் உள்ளே தள்ளினால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. அவர் கேட்டது அவ்வளவு இல்லை என்று எனக்குத் தெரியும். பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும். கண்ணுக்குப் பதினைந்தாகத் தெரிவது தாளில் பதினொன்று ஆகிவிடும். சர்ஜன் தாளைத்தான் பார்ப்பார்.

தம்பி மனைவியும் சேர்ந்துகொண்டாள். "போடுங்க சிஸ்டர். இவங்க தம்பி மார்க்கெட்ல எத்தனை தராசுல முள்ளைத் திருப்பி விட்டிருக்காரு! அதுல ஊரே பொழைக்குது. நீங்க ஒரு கோட்டைத் திருப்புனா என்ன குடி முழுகிடும்?"

"நான் ஒண்ணும் திருப்பல" என்றார் வாசலில் நின்ற தம்பி. அந்த வீட்டில் நான் கேட்ட அவருடைய முதல் முழு வாக்கியம்.

நான் ஓரத்தின் மேலேயே கோடு போட்டேன். பதினைந்து. தாளில் தேதியும் எழுதினேன். நல்லவளாக இருப்பதற்காகச் செய்யவில்லை. அவரைப் போல ஒரு நோயாளி முன்பு எனக்கு இருந்தார். தோல் ஒட்டுவதை நான்கு மாதம் தள்ளிப் போட்டோம். அந்த நான்கு மாதத்தில் புண் எலும்பு வரை போனது. அதைத் திரைக்காரம்மாவிடம் சொல்லவில்லை. "திங்கக்கிழமை வார்டுல கட்டில் கெடைக்கும்னு நெனைக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

கட்டுப் போட்டு முடித்தேன். கழற்றிய கட்டுகளைப் பையில் போட்டுக் கட்டினேன். திரைக்காரம்மா இரண்டு வாரமாக என் பையில் கிடந்த பழைய காலுறையை, நாடா வைத்த அந்தக் காலுறையை, கேட்டு வாங்கிக்கொண்டார். மடியில் வைத்து ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக எடுத்தார். நூல் அறுபடாமல், துணி கிழியாமல். பட்டை முழுவதும் கையோடு வந்தது.

"நான் வச்ச தையல்," என்றார். "தப்பாத் தச்சா நாங்களே பிரிச்சுத் திருப்பித் தைப்போம். வாடிக்கைக்காரங்களைக் காக்க வைக்க மாட்டோம்." பட்டையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

தம்பி மனைவிக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "இத்தனை நாள் போக மாட்டேன், போக மாட்டேன்னுட்டு இப்ப மணி கேக்குறீங்களா? அண்ணி, உங்களுக்குன்னு ஒரு பயம் இருந்துச்சு. அதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். பிறகு அங்கிருந்தே கத்தினாள்: "பல்லு விளக்குற பிரஷ் புதுசு வாங்கணும். அந்தப் பழசை எடுத்துட்டுப் போய் மானத்தை வாங்காதீங்க!"

திங்கட்கிழமை சேர்த்தார்கள். புதன்கிழமை ஒட்டினார்கள்.

ஒட்டி ஐந்தாம் நாள் மதியம் பார்க்கப் போனேன். பார்வையாளர் நேரம், வார்டு முழுக்கப் பேச்சுச் சத்தம். தம்பி மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்குத்தான் வாங்கினேன். எழுந்தாத்தானே குடுக்கறது? வந்ததுலேர்ந்து தூக்கம் சிஸ்டர். இந்தச் சந்தைக் கடைச் சத்தத்துல! வீட்ல விடியறதுக்குள்ள எழுந்து மெஷினைத் தேடுறவங்க."

"டிரெஸ்ஸிங் பிரிச்சுப் பாத்தாங்களா?"

"காலைல பாத்தாங்க. முக்கால்வாசி பிடிச்சிருக்காம். மிச்சத்தைக் கட்டுப் போட்டு ஆத்திரலாம்னாரு டாக்டரு. உங்களைத்தான் சொல்றாரு, வீட்டுக்கு வந்தப்புறம்."

கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார்கள். கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். வெளுத்தது, விட்டதும் சிவந்தது. அதில் கண் விழித்துவிட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

"படுத்திருக்கேன்."

வாய் உலர்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, வார்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மேலே திரைக் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இங்க வந்தா என்னமோ ஆயிடும்னு நெனச்சுட்டிருந்தேன் சிஸ்டர். அவரு போனதுலேர்ந்து, அஞ்சு வருஷமா. வந்து பாத்தா ஒண்ணும் ஆகல. பயம்கூட வரல. அதான் ஒரு மாதிரி இருக்கு."

"அது இருக்கட்டும். பாத்ரூம் போகணும்னா நர்ஸைக் கூப்பிடுங்க. நீங்களா இறங்கிக் காலைத் தொங்கப்போடக் கூடாது. பத்து நாளைக்கு ஒட்டின இடம்..."

நான் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். மீதியைத் தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.